அம்மிணிக்கு எடுக்காத நிறம்

கோவை ஒப்பணக்கார வீதியிலோ காந்திபுரம் கிராஸ்கட் சாலையிலோ ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் அரைமணி நேரம் சும்மா நின்றால் போதும். தமிழ்ச் சமூகத்தின் நிறக்கொள்கை முழுவதையும் மூன்றே வாக்கியங்களில் கற்றுக்கொண்டுவிடலாம். ‘இந்தக் கலர் அம்மிணிக்கு எடுக்காதுங்க’ என்பது முதல் வாக்கியம். ‘கொஞ்சம் அடக்கமாப் பாக்கலாங்களா?’ என்பது இரண்டாவது. ‘இதைக் கட்டினா நல்லாக் கலராக் காட்டுமுங்க’ என்பது மூன்றாவது. சொல்பவர் கொடியவர் அல்லர். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை பிரித்துப் போட்டு, மீண்டும் மடித்து வைக்கும் சாதாரணத் தொழிலாளி. கேட்டுக்கொண்டிருக்கும் தாயும் நங்கையும் சித்தியும் கொடியவர்கள் அல்லர். எல்லோரும் அந்தப் பெண்ணின் நன்மைக்காகவே பேசுகிறார்கள். அவள் கை வைத்த கிளிப்பச்சைப் புடவை மட்டும் ஓசையில்லாமல் மடிக்கப்பட்டு அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது.

மேனி நிறத்துக்கு ஏற்ற உடை நிறம் என்பது அழகுக் குறிப்புகளிலேயே மிகவும் அப்பாவியானதாகத் தோன்றுவது. வார இதழ்களின் மகளிர் பக்கங்களிலிருந்து இன்றைய அலைபேசிக் காணொளிகள் வரை அது சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவருகிறது. அது நிறங்களைப் பற்றிய அறிவு என்று நம்பித்தான் கேட்கிறோம். என் தரப்பு நேர் எதிரானது. நம்மிடையே புழங்கும் இந்த அறிவுரை நிறத்தைப் பற்றியதே அன்று, மறைப்பதைப் பற்றியது. கறுத்த மேனியை ஒரு குறை என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அந்தக் குறை கண்ணில் படாமலிருக்க எந்தத் துணி உதவும் என்று தேடுவதற்குத்தான் நாம் ‘கலர் செலக்ஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த மூன்றாவது வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ‘கலராக் காட்டும்.’ எந்தக் கலராக? கேட்க வேண்டியதில்லை. கொங்குப் பேச்சில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதுமே ஒருவரைப் பற்றிப் பேசும்போது ‘கலர்’ என்பதற்கு ஒரே பொருள்தான். ‘பொண்ணு நல்ல கலரு’ என்றால் வெளுப்பு. ‘கொஞ்சம் நிறம் கம்மி’ என்றால் கறுப்பு. அதாவது வெளுத்தவருக்கு நிறம் இருக்கிறது. கறுத்தவருக்கு நிறமே குறைவு. ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டு திருப்பித் தராததே கறுப்பு என்று இயற்பியல் ஆசிரியர் சொல்வதுண்டு. நம் உறவினர்கள் அந்தப் பாடத்தை வேறொரு வகுப்பில் படித்திருக்கிறார்கள். ஒரு மொழி தன் மக்களில் பெரும்பாலோரின் தோலை ‘பற்றாக்குறை’ என்ற சொல்லால் குறிப்பிடத் தொடங்கியபின், அந்த மொழியில் தரப்படும் எந்த அழகுக் குறிப்பும் நடுநிலையாக இருக்க முடியாது.

இந்த விதி எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். கறுத்த பெண் கறுப்புப் புடவையைத் தொட்டால், ‘ஏற்கெனவே அந்த நிறம், இதில் இது வேறா, இன்னும் கறுப்பாகத் தெரிவாய்’ என்பார்கள். சரி என்று எலுமிச்சை மஞ்சளை எடுத்தால், ‘பளீரென்று அடிக்கும், நீ இன்னும் கறுப்பாகத் தெரிவாய்’ என்பார்கள். முதலாவதில் ஒற்றுமை குற்றம். இரண்டாவதில் வேற்றுமை குற்றம். எதிரெதிரான இரண்டு சாட்சியங்களுக்கும் ஒரே தீர்ப்பை வழங்கும் நீதிமன்றத்தில் விசாரணை நடக்கவில்லை என்றே பொருள். கருநீலம், கறுப்பு, காப்பிக்கொட்டை ஆகியவை ஒரு பக்கமும், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மிளகாய்ப்பழச் சிவப்பு, ராணிக் கலர் ஆகியவை மறுபக்கமும் கழிந்துபோக எஞ்சுவது என்ன? சந்தனம், சாம்பல், வெங்காயத்தோல், பெயர் வைக்கத் தோன்றாத ஏதோ ஒரு மங்கல். இவற்றுக்குத்தான் ‘அடக்கமான கலர்’ என்று பெயர். நிறத்துக்கு எதற்கு அடக்கம்? அடங்க வேண்டியது துணி அன்று, உடுத்துபவள்.

இலக்கிய இதழ் படிக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் சற்றே புன்னகைக்கக்கூடும். புடவைக் கடைப் பேச்சுக்கெல்லாம் கட்டுரையா என்று. நம்முடைய புனைகதைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெண் பாத்திரம் ஒன்று அறிமுகமாகும்போது எத்தனை முறை ‘கறுப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்ற தொடரைக் கடந்து வந்திருக்கிறோம்? அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘உம்’தான் நான் எதிர்க்கும் எதிரி. கறுப்பும் களையும் இயல்பில் ஒன்றுசேராதவை, இவளிடம் மட்டும் விதிவிலக்காகச் சேர்ந்துவிட்டன என்று அது சொல்கிறது. ‘சிவப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று எழுத எந்த எழுத்தாளருக்கும் கை வருவதில்லை. ஜவுளிக்கடைக்காரர் துணியால் செய்வதை நாம் இடைச்சொல்லால் செய்கிறோம். அவர் விற்பனையாவது செய்கிறார்.

இத்தனைக்கும் நம் மரபின் மிகப் பழைய பகுதியில் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தது. சங்கப் பாடல்களின் தலைவிக்கு ‘மாயோள்’ என்று பெயர் உண்டு. கரிய மேனியள் என்று பொருள். அவளுடைய மேனியின் அழகுக்கு ‘மாமை’ என்று பெயர். மாந்தளிரின் நிறம், கருமை, அழகு என்று அந்த ஒரே சொல்லுக்கு உரைகளும் அகராதிகளும் பொருள் விரிக்கின்றன. கருமையையும் அழகையும் ஒரே சொல்லில் வைத்துக்கொள்ள அம்மொழிக்குச் சங்கடம் இருக்கவில்லை. தலைவன் பிரிந்து செல்கிறான், மாமை கெடுகிறது, அந்த இடத்தில் பசலை படர்கிறது. பசலை என்பது என்ன? மேனி வெளிறிப் பசந்து போதல். அது நோய், அழகின் இழப்பு. வள்ளுவர் அந்த வெளிறலுக்கென்றே, பசப்புறு பருவரல் என்று, 119ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார். மேனி நிறம் வெளுப்பதைத் துன்பமாகப் பாடிய மொழியில்தான், அதே வெளிறலைக் குழாயில் அடைத்து ‘சிவப்பழகு’ என்று விற்றார்கள். 1975இல் சந்தைக்கு வந்த அந்தக் களிம்பு தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொள்ள 2020ஆம் ஆண்டு வரை, சரியாக 45 ஆண்டுகள் ஆயின. பெயர் போயிற்று. களிம்பு போகவில்லை.

சங்க காலம் நிறபேதமற்ற பொற்காலம் என்று நான் வாதிட வரவில்லை. அங்கே பொன்மேனிகளும் உண்டு. பிற்காலத்தில் மாமையே தேய்ந்து ‘மாநிறம்’ ஆகி, கறுப்பு என்று சொல்லக் கூசுபவர்களின் இடக்கரடக்கலாகவும் ஆகிவிட்டது. நான் சொல்வது சிறிய விஷயம்தான்: வெளுப்பே அழகு என்பது இயற்கையின் சட்டம் என்றால், அது எல்லாக் காலத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. ஆகவே அது சட்டம் அன்று, பழக்கம். பழக்கங்களை மாற்றலாம்.

பழக்கம் என்பதற்கு இன்னும் வலுவான சான்று நம் கண்ணெதிரே நடமாடுகிறது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலோ ஈரோட்டு மஞ்சள் மண்டியிலோ ஒரு காலை வேளையில் நின்று பாருங்கள். வெயிலில் காய்ந்து கறுத்த ஆண்கள், நீலம் போட்டு வெளுத்த வேட்டியிலும் வெள்ளைச் சட்டையிலும். மனித மேனிக்கும் துணிக்கும் இடையே இதைவிடப் பெரிய நிற வேறுபாட்டைக் கற்பனை செய்ய முடியாது. ‘பளீரென்று அடிக்கிறது, உங்கள் நிறத்துக்கு வெள்ளை எடுக்காது, சந்தன நிறத்தில் ஒரு வேட்டி பாருங்கள்’ என்று எந்தக் கடைக்காரராவது எந்த மிராசுதாரிடமாவது சொல்லியிருக்கிறாரா? சொல்ல மாட்டார். அந்த வேறுபாட்டைத்தான் நாம் ‘எடுப்பு’ என்கிறோம், கம்பீரம் என்கிறோம். காமராசரின் கறுத்த உருவத்தையும் வெள்ளைக் கதர்ச் சட்டையையும் பிரித்து யாராலும் நினைவுகொள்ள முடிவதில்லை. ஈரோட்டுப் பெரியார் 1940களின் நடுவில் தம் தொண்டர்களுக்குக் கறுப்புச் சட்டையை அணிவித்தார். இழிவின் அடையாளமாகவும் எதிர்ப்பின் அடையாளமாகவும் அந்த நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டதே தவிர, தொண்டர்களின் மேனிக்கு அது எடுக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆணின் உடை அவனுடைய தகுதியையோ கொள்கையையோ சொல்லலாம். பெண்ணின் உடை மட்டும் அவளுடைய தோலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரே வெயில், ஒரே ரத்தம், ஒரே கறுப்பு. அண்ணனுக்கு ஒரு விதி, தங்கைக்கு வேறு விதி. இதற்கு அழகியல் என்று பெயர் சூட்டுவது அழகியலுக்குச் செய்யும் அவமரியாதை.

மனிதரை விடுங்கள், தெய்வத்தைப் பாருங்கள். ஒப்பணக்கார வீதியிலிருந்து கோனியம்மன் கோயில் கூப்பிடு தூரம்தான். கொங்கு நாட்டின் எந்த ஊர்க் கோயிலுக்கும் செல்லுங்கள். கருவறையில் இருப்பது எண்ணெய்க் காப்பில் மின்னும் கருங்கல் திருமேனி. அதன்மேல் சாத்துவது எதை? அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், பாசிப் பச்சை, அகலக் கரை, அசல் சரிகை. தீபம் உயரும்போது கரிய முகமும் மஞ்சள் பட்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. வரிசையில் நிற்கும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ‘என்ன அழகு’ என்கிறார்கள். கரிய மேனிக்கு அடர்ந்த நிறங்கள் எவ்வளவு பொருந்தும் என்பது நம் அர்ச்சகர்களுக்குத் தெரியும். பக்தர்களின் கண்ணுக்கும் தெரியும். கோயில் வாசலைத் தாண்டி ஜவுளிக்கடைக்குள் நுழையும் அந்தச் சில நிமிடங்களில் அதே கண்களுக்கு என்ன ஆகிறது?

நிறங்களின் அறிவியல் என்ற ஒன்று உண்மையிலேயே உண்டு. அது நம் அறிவுரையாளர்களுக்கு ஆதரவாக இல்லை. மிஷெல் யூஜின் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824 முதல் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். அங்கே அவரிடம் வந்த புகார்களில் ஒன்று: கறுப்புச் சாயம் வலுவாக இல்லை, சோகையாகத் தெரிகிறது. அவர் அந்தக் கறுப்பைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் பிழை எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவுமே அதை அப்படிக் காட்டின. ஒரு நிறம் தனியாகத் தெரிவதில்லை, அண்டை நிறத்தோடு சேர்ந்தே தெரிகிறது என்ற அவருடைய விதி 1839இல் நூலாக வந்தது. பிற்கால ஓவியர்கள் பலரை அது பாதித்தது. அந்தக் கதையின் நீதி எனக்கு மிகவும் பிடித்தமானது: புகார் கறுப்பின்மேல் சொல்லப்பட்டது, குற்றம் கறுப்பில் இல்லை. ஒரு புடவை ஒருத்தியின் மேனியோடு சேரவில்லையென்றால், ‘உன் நிறத்துக்கு இது எடுக்காது’ என்று சொல்வதற்கும் ‘இந்தப் புடவை உன் நிறத்துக்கு ஈடுகொடுக்கவில்லை’ என்று சொல்வதற்கும் இடையே தகவலில் வேறுபாடு இல்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறிவிடுகிறார்.

இந்த உண்மையைக் கோவைக்காரர்களுக்குப் பாரிஸிலிருந்து வந்து ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. 50 கிலோமீட்டருக்குள் திருப்பூர் இருக்கிறது. அங்கே ஒரு பனியன் துணிக்கு ஒரு நிறம் ஒப்புதல் பெற வேண்டுமானால், சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் முதலில் சிறு துண்டுக்குச் சாயமேற்றி ‘லேப் டிப்’ எடுப்பார்கள். அதை வெறுங்கண்ணால் பார்த்து ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை. ‘லைட் பாக்ஸ்’ என்னும் பெட்டிக்குள் வைத்து, டி65 என்ற பகலொளியில் ஒரு முறை, டிஎல்84 என்ற கடை விளக்கொளியில் ஒரு முறை, மஞ்சள் குண்டுபல்பின் ஒளியில் ஒரு முறை என்று பார்ப்பார்கள். ஓர் ஒளியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னோர் ஒளியில் வேறாகத் தெரியும் என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் ஒரு பையனுக்குப் புரிந்துவிடும். வெளிநாட்டுக்காரனின் சட்டைத்துணிக்கு இத்தனை விளக்குகள் மாற்றிப் பார்க்கும் பூமியில், சொந்த வீட்டுப் பெண்ணின் முகத்தைக் குளிர்சாதனக் கூடத்து வெள்ளை எல்.இ.டி. ஒன்றின்கீழ் நிறுத்தி, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, ஆயுள் தண்டனை போல ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறோம். ‘உனக்கு மஞ்சள் ஆகாது.’ அவள் நாற்பது வயது வரை மஞ்சளைத் தொட மாட்டாள். எந்த மஞ்சள், எந்த ஒளியில், எந்தக் கரையோடு என்று யாரும் கேட்டதில்லை.

மேலைநாட்டு ‘வண்ண ஆலோசனை’யை இறக்குமதி செய்தவர்களிடமும் நமக்கு விடை இல்லை. கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1980இல் எழுதிய ஒரு நூல் அங்கே பெரும் விற்பனை கண்டது. மனிதர்களின் மேனியை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறப்பட்டியல் தரும் முறை அது. பொன்முடி, செம்முடி, நீலக்கண், பச்சைக்கண் என்று வெள்ளையரிடையே உள்ள நுட்ப வேறுபாடுகளுக்கு அதில் பல அறைகள். கறுப்பரும் ஆசியரும் பெரும்பாலும் ‘குளிர்காலம்’ என்ற ஒரே அறையில். உலகின் பாதிக்கு மேற்பட்ட மக்களை ஒரே அலமாரியில் அடுக்கிவிட்டு அதைத் தனிநபர் ஆலோசனை என்று அழைக்க மிகுந்த துணிச்சல் வேண்டும். இன்று இணையத்தில் வலம்வரும் சோதனையும் இதன் வாரிசுதான். மணிக்கட்டு நரம்பைப் பார், பச்சையாகத் தெரிந்தால் ஒரு வகை, நீலமாகத் தெரிந்தால் இன்னொரு வகை. நரம்பே எளிதில் தெரியாத அடர்ந்த மேனி உடையவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் குறிப்பு சொல்வதில்லை. அவர்கள் அதை எழுதியவரின் எண்ணத்திலேயே இருந்திருக்கவில்லை. மருத்துவத்திலும் இதே கதைதான். 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த தோல் அளவுகோல் முதலில் வெள்ளைத் தோலின் நான்கு வகைகளைத்தான் கொண்டிருந்தது; பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய வகைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை. நம்மை அளக்கச் செய்யப்படாத கோல்களால் நாமே நம்மை அளந்து, குறைவு என்று வருந்திக்கொண்டிருக்கிறோம்.

நிழற்படமும் திரைப்படமும் இந்த வருத்தத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. கொடாக் நிறுவனம் வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரிப்படத்தில் நீண்டகாலம் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் விவரமிழந்து இருட்டாக விழுந்தன. மனிதர்கள் முறையிட்டு நடக்காதது, சாக்லேட்டும் மரச்சாமானும் விற்பவர்கள் தங்கள் பழுப்பு நிறங்கள் சரியாகப் பதிவதில்லை என்று 1970களில் முறையிட்டபின்னரே மாறத் தொடங்கியது என்பது ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கும் வரலாறு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்தது. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழ்த்திரைக்கு வண்ணத்தைத் தந்தது கொங்கு மண் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அந்த வண்ணத்திரையில் கதாநாயகன் காலப்போக்கில் கறுப்பாக இருக்கலாம் என்று ஆனது. அதற்காகவே அவன் கொண்டாடவும்பட்டான். கதாநாயகிக்கு அந்தச் சலுகை இன்றுவரை மிக அரிதாகவே கிடைக்கிறது. சந்தையில் கண்ட அதே விதி: அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று.

‘நீ இந்த நிறம் உடுத்தாதே’ என்பது நம் ஊரில் புதிய வாக்கியமன்று. கணவனை இழந்தவளிடம் அதைச் சொல்லி வெள்ளைச் சேலையைக் கொடுத்தார்கள். கொங்கு நாட்டின் பல வீடுகளில் அமுச்சிகளின் அலமாரியில் வேறு நிறமே இல்லாமலிருந்ததை நம் தலைமுறை கண்டிருக்கிறது. ஆணுக்குக் கம்பீரமான அதே வெள்ளை, பெண்ணுக்குத் தண்டனை. ஒடுக்கப்பட்ட சாதியினரிடமும் அதைச் சொன்னார்கள். 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மேல் விதித்த தடைகளில், முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, சட்டை அணியக்கூடாது, பெண்கள் பூச்சூடக்கூடாது என்பவையெல்லாம் இருந்தன. அன்று சாதியின் பெயராலும் விதவைமையின் பெயராலும் சொல்லப்பட்டது இன்று ‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற பெயரால் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது பழைய கொடுமைகளைச் சிறிதாக்கிவிடும். ஆனால் வாக்கியத்தின் வடிவம் ஒன்றேதான். ஒருவர் எவ்வளவு தூரம் கண்ணில் படலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிக்கிறார்.

இதற்கு மாற்று எங்கே இருக்கிறது? வெகுதூரம் போக வேண்டாம். பொள்ளாச்சிக்கு அருகே நெகமத்தில் கைத்தறியில் நெய்யப்படும் பருத்திப் புடவைகளைப் பாருங்கள். அடர்ந்த உடல், அதற்கு நேர் எதிரான கரை, கட்டங்கள், கோடுகள். பவானி ஜமுக்காளத்தின் பட்டைகளைப் பாருங்கள். சிவப்புக்கு அருகில் பச்சையை வைக்க அந்த நெசவாளருக்குத் தயக்கமே இல்லை. வெயில் கடுமையான, மண் செம்மையும் கருமையுமான ஒரு நிலத்தின் கண் இப்படித்தான் நிறங்களைத் தேர்ந்திருக்கிறது. மஞ்சள் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் களையெடுக்கும் பெண்களைத் தொலைவிலிருந்தே எண்ணிவிடலாம். சேலைகள் அப்படித் தெரியும். ‘அடக்கமான கலர்’ என்ற கருத்து அந்தக் காட்டுக்குள் இன்னும் முழுமையாக நுழையவில்லை. படித்து, நகரத்துக்கு வந்து, வேலைக்குப் போகும் மகளிடம்தான் அது வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. தாயைவிட மகளுக்கு உரிமைகள் அதிகம். நிறங்கள் மட்டும் குறைவு.

இதை எழுதும்போது நொய்யலை நினைக்காமலிருக்க முடியவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் அந்த ஆறு, உலகத்தார் உடுத்தும் நிறங்களுக்கான விலையைத் தன் உடலில் ஏற்றுக்கொண்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவும், கெட்டுப்போன கிணறுகளும், உழவர்களின் வழக்குகளும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் இட்ட ஆணையும் நாம் அறிந்த வரலாறு. அந்தக் கடன் வேறு, அதைத் தீர்க்கும் வழியும் வேறு. எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நிறத்துக்காக ஓர் ஆற்றையே கொடுத்த மண்ணின் பெண்களிடம்தான், இத்தனை நிறங்களில் உனக்கானவை இந்த நான்கு மங்கல்கள் மட்டுமே என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘அப்படியானால் எதையும் எப்படியும் உடுத்தலாமா? பொருத்தம் என்றே ஒன்று இல்லையா?’ என்று கேட்பார்கள். இருக்கிறது. பொருத்தத்தை நான் மறுக்கவில்லை; அதை அளக்கும் கோலைத்தான் மறுக்கிறேன். ‘இது என்னை வெளுப்பாகக் காட்டுமா?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘இது என்னை, என் நிறத்தோடு, தெளிவாகக் காட்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். விடைகள் முழுவதுமாக மாறிவிடும். கறுத்த மேனி தன் அருகில் வரும் செறிவான நிறத்தைத் தாங்கும், அதை மேலும் எரியவைக்கும். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, தூய வெள்ளை ஆகிய எல்லாமே அதனுடையவை. தயங்க வேண்டியது, மேனிக்கு மிக அருகான தொனியில் சோர்ந்திருக்கும் சாம்பலிலும் பழுப்பிலும்தான். அதாவது ‘அடக்கமானவை’ என்று இதுவரை நமக்குத் தரப்பட்டவற்றில்தான். புடவையைக் கடை விளக்கில் மட்டும் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுப் பார்க்கலாம். கறுப்பே பிடித்திருந்தால் கறுப்பையே கட்டலாம். கரையில் ஒரு கோடு சிவப்பு போதும், அது பேசும். இவை விதிகள் அல்ல, தொடக்கங்கள். உடுத்துபவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு மேற்பட்ட விதி எதுவும் இதில் இல்லை.

முகூர்த்தப் புடவையைத் தேர்வதற்கு முன்பாகவே இந்தச் சண்டையில் பாதி முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பொங்கலுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கும்போது, ‘இவ அப்பன் நிறம், இவளுக்குச் சிவப்பு வேண்டாம், அவளுக்கு எடுங்க’ என்று அக்காளையும் தங்கையையும் பிரித்துப் பேசுகிறோமே, அங்கே தொடங்குகிறது. அந்த ஒரு வாக்கியத்தை அந்தக் குழந்தை மறக்கப் போவதில்லை. அதைச் சொல்லாமலிருக்கப் பணம் செலவில்லை, புரட்சி தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு, அவள் காட்டும் நிறத்தை எடுத்துக் கொடுத்தால் போதும்.

எழுதுபவர்களுக்கு என் கோரிக்கை இதைவிடவும் சிறியது. உங்கள் அடுத்த கதையில் ஒரு பெண் வரும்போது அவள் கறுப்பாக இருக்கட்டும், களையாகவும் இருக்கட்டும். நடுவில் அந்த ‘இருந்தாலும்’ மட்டும் வேண்டாம்.